அழுத்திப் பார்க்கும் கை

அன்றைக்குச் சண்டை காபித்தூள் பாட்டிலில் ஆரம்பித்தது. கண்ணாடி பாட்டில், திருகு மூடி. திருகினேன், அசையவில்லை. துணியைச் சுற்றித் திருகினேன், அப்போதும் அசையவில்லை.

"இப்படி இறுக்கி மூடறதுக்கு உள்ள என்ன வைரமா இருக்கு?" என்று கேட்டேன்.

"நான் எப்பவும் மூடற மாதிரிதான் மூடினேன்," என்றார் என் வீட்டுக்காரர், கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமல். அவருக்கு வீட்டிலிருந்தே வேலை.

"எப்பவும் மூடற மாதிரியா? கொஞ்ச நாளா இந்த வீட்டுல ஒரு மூடியும் திறக்க மாட்டேங்குது. எண்ணெய் பாட்டில், தேன் பாட்டில், மாத்திரை டப்பா. எம்மேல இருக்கற கோபத்தையெல்லாம் மூடியில காட்டறீங்க."

அவர் எழுந்து வந்து திறந்து கொடுத்துவிட்டுப் போனார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருப்பது எனக்குப் பிடிக்காது. பதிலுக்கு இரண்டு வார்த்தை விழுந்தால்தானே சண்டை ஒரு முடிவுக்கு வரும்? காபி குடிக்காமலேயே கிளம்பிவிட்டேன். காபித்தூளுக்காகச் சண்டை போட்டு, காபி குடிக்காமல் வேலைக்குப் போனவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆஸ்பத்திரியின் பின்பக்கக் கட்டடத்தில் எங்கள் பிசியோதெரபி பிரிவு. நீளமான ஒரு ஹால். பச்சை ரெக்சின் போட்ட கட்டில்கள், நடை பழகுவதற்கு இரட்டைக் கம்பிகள், ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. நோயாளிகள் தங்கள் நடையைத் தாங்களே பார்த்துத் திருத்திக்கொள்வதற்காக வைத்த கண்ணாடி அது. நாங்கள் அதில் தலைமுடியைத் திருத்திக்கொள்வோம்.

அங்கே நானும் பயில்வானும் வேலை பார்க்கிறோம். பயில்வானுக்கு என்னைவிட வயது குறைவு, அனுபவமும் குறைவு. பலமாகக் காற்றடித்தால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டிய உடம்பு. அதனால்தான் அந்தப் பெயர். வைத்தவள் நான்.

எனக்கும் ஒரு பெயர் உண்டு. கைராசிக்காரி. எனக்குக் கைராசி என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பேச்சு. நம்பாதவர்கள்கூட அந்த வருடம் நம்ப ஆரம்பித்திருந்தார்கள். என் நோயாளிகள் அப்படித் தேறிக்கொண்டிருந்தார்கள். பயில்வானிடம் போனவர்கள் எறும்பு ஊர்கிற மாதிரி முன்னேற, என்னிடம் வந்தவர்கள் மளமளவென்று தேறி வீட்டுக்குப் போனார்கள். கூட்டம் போட்டுப் பாராட்டினார்கள். நானும் தன்னடக்கமாகச் சிரித்துவிட்டு, வெளியே வந்ததும் பயில்வானைச் சீண்டினேன். "கொஞ்சம் என் கையத் தொட்டுக் கும்பிட்டுக்கோடா, உனக்கும் வரும்."

இங்கே எங்கள் தொழிலைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். தசைக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்று பார்த்து நாங்கள் மார்க் போடுகிறோம். பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை. அசைவே இல்லையென்றால் பூஜ்யம். தசை லேசாகத் துடித்தால் ஒன்று. தாங்கிப் பிடித்தால் அசையும் என்றால் இரண்டு. தன் எடையைத் தானே தூக்கினால் மூன்று. அதற்கு மேல், நான் என் கையால் அழுத்துவேன். ஓரளவு தாங்கினால் நான்கு. முழுப் பலத்தோடு அழுத்தியும் அசையாமல் நின்றால் ஐந்து. அதாவது மூன்று வரைக்கும் பூமி அளக்கிறது, அதற்கு மேல் என் வலது உள்ளங்கை அளக்கிறது.

அளக்கக் கருவியும் உண்டு. உள்ளங்கையில் அடங்கும் சின்ன மெஷின், எவ்வளவு பலம் என்று எண்ணில் காட்டும். வாங்கிய நாளிலிருந்து அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. கை இருக்கும்போது மெஷின் எதற்கு என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

காலையில் முதல் ஆளாக லைன்மேன் வந்தார், மனைவியோடு. மின்கம்பத்தில் ஏறி வேலை பார்ப்பவர். மழைநாளில் கம்பத்திலிருந்து வழுக்கி விழுந்ததில் வலது தோளுக்குப் போகும் நரம்பு இழுபட்டு, என்னிடம் முதலில் வந்தபோது அந்தக் கை கொடியில் காயப்போட்ட துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. பூஜ்யத்திலிருந்து ஒவ்வொரு மார்க்காக ஏற்றிக் கொண்டுவந்தேன். அன்றைக்கு அவருக்குக் கடைசி நாள். கை முழுசாகத் தேறிவிட்டது என்று நாங்கள் எழுதிக் கொடுத்தால் திங்கட்கிழமை மறுபடி கம்பம் ஏறலாம். இல்லையென்றால் கோடவுன் வாசலில் காவலுக்கு உட்கார வைத்துவிடுவார்கள்.

"கம்பத்து மேல இருந்தா ஊரே எனக்குக் கீழ, மேடம்," என்றார். "கோடவுன் வாசல்ல உக்காந்தா நாய்கூட மதிக்காது."

"அதெல்லாம் ஏறலாம். சட்டையக் கழட்டுங்க."

அவருடைய மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். கால் கட்டைவிரலில் கட்டுப் போட்டிருந்தாள்.

"மேடம், ஒரு விஷயம்," என்று தயங்கினாள். "நேத்து சூட்கேஸை அலமாரி மேல வெக்கச் சொன்னேன். தூக்கினாரு. பாதியிலயே கை தானா இறங்கிடுச்சு. சூட்கேஸ் என் கால் மேல."

"வீட்டு வேலைன்னா எல்லா ஆம்பளைக்கும் கை தானா இறங்கும்மா. அது நரம்பு வியாதி இல்ல, பரம்பரை வியாதி," என்றேன்.

லைன்மேன் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. காலையில் எனக்கிருந்த கடுப்பில் அதை நான் கவனிக்கவில்லை.

நான் எப்போதும் நல்ல பக்கத்தை முதலில் பார்ப்பேன். ஒவ்வொருவர் உடம்புக்கும் ஒரு பலம் உண்டல்லவா, நல்ல கை எவ்வளவு தாங்குகிறது என்று தெரிந்தால்தான் கெட்டுப்போன கை எவ்வளவு தேறியிருக்கிறது என்று சொல்ல முடியும். அவரைக் கட்டிலில் உட்கார வைத்து, இடது கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கி நிறுத்தச் சொன்னேன். முழங்கைக்குச் சற்று மேலே உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். அசையவில்லை. பிறகு வலது கை. அழுத்தினேன். அதுவும் அசையவில்லை. இரண்டும் ஒன்று போலவே நின்றன.

"அஞ்சு," என்றேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

உயரத்தில் ஏறுகிறவர்களுக்கு மட்டும் எங்களிடம் ஒரு விதி. இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். வெறும் சடங்குதான் என்று நினைத்துக்கொண்டு பயில்வானைக் கூப்பிட்டேன்.

பயில்வான் வந்தான். இடது கையை அழுத்தினான். அவன் முகம் சிவந்ததே தவிர, கை அசையவில்லை. வலது கைக்கு வந்தான். உள்ளங்கையை வைத்தான், அழுத்தினான். லைன்மேனுடைய கை அப்படியே இறங்கித் தொடையில் விழுந்தது.

"ரெடியா இல்ல போல," என்றான் பயில்வான். "அண்ணா, விடாதீங்க. பலமா நிறுத்துங்க."

மறுபடி நிறுத்தினார். பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தினார். பயில்வான் அழுத்தினான். கை மறுபடி இறங்கியது.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "டேய், நீ எங்க கைய வெக்கற? முழங்கைக்குக் கீழ வெச்சா யாருக்குத்தான் இறங்காது? தள்ளு, நான் காட்டறேன்."

அவனைத் தள்ளிவிட்டு நான் அழுத்தினேன். கை கம்பம் மாதிரி நின்றது. "பாத்தியா?"

பயில்வான் என் விரல்கள் இருந்த அதே இடத்தில் தன் கையை வைத்து அழுத்தினான். கை இறங்கியது.

என் நோயாளியின் கை என் கைக்கு நிற்கிறது, அவன் கைக்கு விழுகிறது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவனுக்குத் திடீரென்று பலம் வந்துவிட்டதா என்றுகூட யோசித்தேன். அவன் பயில்வான் ஆகிவிட்டான் என்று நம்புவது எனக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது.

"இன்னொரு தடவை அழுத்துங்கக்கா," என்றான் அவன். இந்த முறை அவன் லைன்மேனைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அழுத்தினேன். நானும் கண்ணாடியைப் பார்த்தேன். லைன்மேனுடைய கை நேராக நின்றது. அதன்மேல் என் கை. நான் அழுத்த அழுத்த, மடங்கியது என் முழங்கைதான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையை எடுத்துவிட்டேன். சுடுகிற பாத்திரத்தைத் தொட்டவள் மாதிரி எடுத்தேன்.

"தூங்கும்போது கைய மடக்கிப் படுத்துட்டேன் போல," என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடைய குரலோ மாதிரி இருந்தது.

லைன்மேன் சங்கடமாகச் சிரித்தார். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்ச நாளாவே நீங்க மெதுவாத்தான் அழுத்தறீங்க. முன்னாடியெல்லாம் அழுத்தினா எலும்பு நொறுங்கற மாதிரி இருக்கும். நம்ம மேல இரக்கப்பட்டு மேடம் பாத்துப் பாத்து அழுத்தறாங்கன்னு நெனச்சேன். இவகிட்டகூடச் சொன்னேன்."

"ஆமா, சொன்னாரு," என்றாள் அவள்.

நான் ஒரு நாளும் மெதுவாக அழுத்தியதில்லை. அன்றைக்கும் என் பலத்தையெல்லாம் திரட்டித்தான் அழுத்தினேன்.

பயில்வான் அலமாரியைத் திறந்து அந்த மெஷினை எடுத்து வந்தான். புது பேட்டரி போட்டான். அவருடைய இடது கையில் வைத்து அளந்தான், வலது கையில் வைத்து அளந்தான், எண்களை என்னிடம் காட்டினான். இடது கைக்குக் காட்டியதில் பாதிகூட வலது கைக்கு வரவில்லை. தன் எடையைத் தூக்கும், கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான். அந்தக் கையை நம்பி அவர் கம்பத்தின் உச்சியில் தொங்கியிருப்பார். நான்தான் தொங்கவிட்டிருப்பேன்.

இரண்டு கைகளும் ஏன் ஒன்று போல நின்றன என்று அப்போதுதான் புரிந்தது. அவருடைய கெட்டுப்போன கையைவிட என் கை பலம் குறைந்து போயிருந்தது. என்னிடம் இருந்த அளவுகோலே குட்டையாகிவிட்ட பிறகு, எதை அளந்தாலும் முழு அளவுதான் வரும். அந்த வருடம் என்னிடம் தேறி வீட்டுக்குப் போனவர்கள் எல்லோரும் வரிசையாக நினைவுக்கு வந்தார்கள். கைத்தடியை நான் வாங்கி வைத்துக்கொண்டு கைதட்டி அனுப்பிய ஒரு அம்மா. பஸ் ஓட்டப் போகலாம் என்று நான் சொன்ன டிரைவர். கைராசி என்று சொன்னது இதைத்தானா?

"அக்கா, கட்டில்ல உக்காருங்க," என்றான் பயில்வான்.

"எதுக்கு?"

"சும்மா உக்காருங்க."

உட்கார்ந்தேன். அத்தனை வருடத்தில் அந்தப் பச்சைக் கட்டிலில் நான் உட்கார்ந்ததே இல்லை. அது எவ்வளவு வழுக்கும் என்று எனக்குத் தெரியாது. லைன்மேனும் மனைவியும் வெளியே போகவா வேண்டாமா என்று தெரியாமல் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

அவன் என் இடது கையை முதலில் பார்த்தான். நல்ல பக்கம் முதலில். பிறகு வலது முழங்கையை மடக்கச் சொன்னான், நீட்டச் சொன்னான், நீட்டும்போது தடுத்தான். அவன் தடுத்த இடத்திலேயே என் கை நின்றுவிட்டது. விரல்களை விரிக்கச் சொன்னான். விரித்தேன். ஆள்காட்டி விரலின் பக்கத்தில் தன் ஒற்றை விரலை வைத்துத் தள்ளினான். என் விரல் சொன்ன பேச்சுக் கேட்கும் குழந்தை மாதிரி போய் நடுவிரலோடு ஒட்டிக்கொண்டது.

"இன்னொரு தடவை," என்றேன் நான். "நான் ரெடியா இல்ல."

மறுபடி தள்ளினான். மறுபடி போனது.

அவன் என் கையைத் திருப்பினான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, புறங்கையில் மேடாக இருக்க வேண்டிய சதை இல்லை. குழிந்திருந்தது. இடது கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அங்கே மேடு இருந்தது. எத்தனை பேருடைய கைகளில் இந்தக் குழியை ஒரே பார்வையில் கண்டுபிடித்திருப்பேன். தினமும் அதே கையால்தான் சாப்பிட்டேன், தலை பின்னினேன், அதே கையை ஆட்டி ஆட்டி வீட்டுக்காரரிடம் சண்டை போட்டேன். கண்ணில் படவில்லை.

மேல்கையில் தோலுக்கடியில் ஏதோ துடித்தது. ஓடி, நின்று, இன்னொரு இடத்தில் துடித்தது. அதை நான் முன்பே பார்த்திருந்தேன். சரியான தூக்கம் இல்லை என்று நினைத்து விட்டுவிட்டேன்.

"வலி இருக்காக்கா?"

"இல்ல."

"கழுத்துல? தோள்ல?"

"இல்லடா."

"மரத்துப் போகுதா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். இந்தக் கேள்விகளை நானும் பலரிடம் கேட்டிருக்கிறேன். வலிக்கிறது, மரத்துப்போகிறது என்று சொல்லிவிடமாட்டார்களா என்று மனதுக்குள் கெஞ்சியபடி கேட்டிருக்கிறேன். வலித்தால் நரம்பு எங்கோ நசுங்கியிருக்கிறது, வழி இருக்கிறது என்று தைரியம் சொல்லலாம். வலியே இல்லாமல், மரத்துப்போகாமல், சதை மட்டும் துடித்துத் துடித்துக் கரைந்தால், மருந்தில்லாத வியாதியாக இருக்கலாம் என்று தெரிந்தும், நாங்கள் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, நரம்பு டாக்டரை ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று சொல்வோம். பயில்வான் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டிருந்தான்.

"நரம்பு டாக்டர ஒரு தடவை பாத்துடலாம்க்கா," என்றான். "நாளைக்குக் காலையில நானே கூட வரேன். வேற ஏதாவதாவும் இருக்கலாம்."

"நீ சொல்லாத. நானும் இதையேதான் எல்லார்கிட்டயும் சொல்றேன்."

அவன் கண் கலங்கிவிட்டது. எனக்கு அது பயமாக இருந்தது. அவனை எவ்வளவோ சீண்டியிருக்கிறேன், ஒரு நாளும் கலங்கியதில்லை.

லைன்மேன் தொண்டையைச் செருமினார். "மேடம், அப்ப திங்கக்கிழமை?"

"ஏறக் கூடாது," என்றேன். "நான் தப்பா சொல்லிட்டேன். உங்க கை இன்னும் தேறல. மன்னிச்சிடுங்க."

அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆயிற்று. தன் வலது கையைப் பார்த்தார், என் வலது கையைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சட்டையைப் போட்டுக்கொள்ளத் தொடங்கினார், வலது கையை உள்ளே நுழைக்க முடியாமல் தடுமாறினார். அவருடைய மனைவி வந்து சட்டைக் கையைப் பிடித்துக் கொடுத்தாள். பிறகு கட்டுப் போட்ட காலோடு என்னிடம் வந்து, என் வலது கையை எடுத்து இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். சூட்கேஸ் விழுந்ததை அவள் சொன்னபோதே கேட்டிருக்கலாம்.

அந்த வருடம் நான் மார்க் போட்ட அத்தனை பேரையும் திரும்பக் கூப்பிட்டு அளப்பதாகப் பயில்வான் சொன்னான். சரி என்றேன். பகல் முழுக்க நான் யாரையும் தொடவில்லை. சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குக் கிளம்பினேன்.

வழியெல்லாம் மனதுக்குள் வாதாடிக்கொண்டே வந்தேன். களைப்பாக இருக்கலாம். காலையில் சாப்பிடவில்லை, காபிகூடக் குடிக்கவில்லை, கையில் பலம் எங்கிருந்து வரும்? பயில்வானுக்கு என்ன தெரியும்? அந்த மெஷின் வருடக்கணக்காகத் தூங்கிய மெஷின். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, வழக்கில் பாதி ஜெயித்திருந்தேன்.

வீட்டுக்காரர் உள்ளறையில் போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் நேராகச் சமையலறைக்குப் போனேன். காபித்தூள் பாட்டில் மேடைமேல் இருந்தது. எடுத்தேன். வலது கையை மூடிமேல் வைத்துத் திருகினேன்.

திறந்துகொண்டது.

எவ்வளவு சுலபமாகத் திறந்துகொண்டது என்று சொல்ல முடியாது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில். பயில்வானை வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஒரு மனுஷியை இப்படியா பதற வைப்பான்? எண்ணெய் பாட்டிலை எடுத்தேன். அதுவும் திறந்துகொண்டது. மாத்திரை டப்பா திறந்தது. தேன் பாட்டிலை எடுத்து, மூடியைப் பிடித்தேன். திருகவே இல்லை. தூக்கினேன், கையோடு வந்துவிட்டது.

மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

வீட்டுக்காரர் சமையலறை வாசலில் வந்து நின்றார். சிரித்துக்கொண்டிருந்தார். "காலையில நீ காபி குடிக்காமயே போயிட்டே. எனக்கு மனசே கேக்கல. எல்லா மூடியையும் தளர்த்தி வெச்சிட்டேன். இனிமே நம்ம வீட்டுல மூடிச் சண்டை கிடையாது."

தேன் மூடியைக் கீழே வைத்தேன். காபித்தூள் பாட்டிலை அவரிடம் நீட்டினேன்.

"மூடிக் குடுங்க," என்றேன்.

"எதுக்கு? இப்பத்தானே..."

"எப்பவும் மூடற மாதிரி மூடுங்க. எனக்குன்னு பாத்து மூடாதீங்க."

அவருக்குப் புரியவில்லை. விளையாட்டு என்று நினைத்தார். மூடியை வைத்து, பேச்சோடு பேச்சாக ஒரு திருகு திருகிக் கொடுத்தார். மணிக்கட்டுகூட அதிகம் திரும்பவில்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பாட்டிலை இடது கையால் அணைத்துக்கொண்டு வலது உள்ளங்கையை மூடிமேல் வைத்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு, என்னிடம் இருந்த பலத்தையெல்லாம் போட்டுத் திருகினேன். மூடி அப்படியே இருந்தது. என் விரல்கள்தான் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போயின.

"குடு இங்க," என்று சிரித்தபடி அவர் வாங்கி, இரண்டு விரலால் திறந்தார். இப்போதாவது காபி குடிக்கிறாயா என்று ஏதோ கேட்க வாயெடுத்தவர், மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார்.